வாடகைக் குளிர்

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆடிட்டர். சென்னையில் மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரர். மூன்றையும் வாடகைக்கு விட்டிருக்கிறார். நல்ல மனிதர். கோயிலுக்குக் கொடுப்பார், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பார், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லமாட்டார். கேட்டவர் அவருடைய குடித்தனக்காரராக மட்டும் இருந்துவிடக் கூடாது.

2025 மே மாதம், அக்கினி நட்சத்திரம் பிறந்த வாரத்தில், மேற்கு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் வீட்டு மாடியில் ஏ.சி. நின்றுவிட்டது. மாடியில் குடியிருப்பவர் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். வயதான தாயாரும் பள்ளிக்கூடத்துப் பையனும் அவருடன் இருக்கிறார்கள். ஏ.சி. என்னுடையது. வீட்டோடு சேர்த்து நான் கொடுத்தது. பழுது பார்ப்பதா, பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி மாட்டுவதா என்ற கேள்வி எனக்கு வந்தது. மூன்று வீட்டு அனுபவஸ்தர் ஆயிற்றே என்று நண்பரிடம் யோசனை கேட்டேன்.

"இரண்டும் வேண்டாம் ஐயா" என்றார் அவர். "ஏ.சி. என்பது நாம் பார்த்துக் காட்டுகிற மரியாதை. அவர்களுடைய உரிமை அல்ல. ஓடினால் அனுபவிக்கட்டும், நின்றால் அவர்களே சரி பண்ணிக்கொள்ளட்டும். இல்லையென்றால் அக்டோபர் வரை இழுத்தடியும். மழை வந்தால் கேட்க மாட்டார்கள். கதை எழுதுகிற உமக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறாது."

கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு ஏறாது என்று கணக்கு எழுதுகிறவர் சொல்லலாமா? கணக்கு எழுதியவர்களைப் போலக் கதை எழுதியவர்கள் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே அவருக்குப் பதிலாக ஒரு கணக்கு எழுதுகிறேன். அவரைப் போலவே நினைக்கும் வீட்டுக்காரர்கள் இந்தச் சென்னையில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் என்பதால் அதை அச்சிலும் போடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் நீதிபதி ஸ்தானத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். என் நண்பர் சொன்னதைத்தான் நான் மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். அவர் வாய்விட்டுச் சொன்னார். நான் சொல்லாமல் செய்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

மரியாதை என்றாரே, அதிலிருந்தே கணக்கை ஆரம்பிக்கலாம்.

அந்த ஏ.சி.யை 2013-ல் வாங்கினேன். மாட்டுக்கூலியோடு 34,000 ரூபாய். ஏ.சி. இல்லாமல் 14,000 ரூபாய்க்குப் போயிருக்கும் மாடியை, ஏ.சி. இருக்கிறது என்று சொல்லி 15,500-க்கு விட்டேன். அதற்கப்புறம் வாடகை ஏற ஏற, ஏ.சி.யின் பங்கும் அதோடு கூடவே ஏறியிருக்கிறது. அதைக்கூட நான் சேர்க்கவில்லை. மாதம் 1,500 என்றே வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 18,000. இரண்டு வருஷம் முடிவதற்குள் யந்திரத்தின் விலை முழுவதும் என் கைக்குத் திரும்பிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில், வீடு காலியாகக் கிடந்த மாதங்களைக் கழித்தாலும், இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் அந்த யந்திரம் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. இரண்டு லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு காட்டுகிற மரியாதைக்கு எங்கள் ஊரில் வேறு பெயர். அதை வியாபாரம் என்பார்கள். வியாபாரம் செய்வது தப்பில்லை. சரக்கைக் கொடுக்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைப்பதுதான் தப்பு.

குளிர் என்றாலே மரியாதைப்பட்ட பொருள், பெரிய மனிதர்கள் வீட்டுச் சமாசாரம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ஏ.சி.யை நாம் டன் கணக்கில் வாங்குகிறோம்: ஒரு டன், ஒன்றரை டன். அந்த டன் யந்திரத்தின் எடை அல்ல, பனிக்கட்டியின் எடை. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்துக்குப் பெயர் ஒரு டன். இந்தச் சென்னைக்கே 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்து இறங்கியது. அதைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டடந்தான் கடற்கரையில் இன்றும் நிற்கிற ஐஸ் ஹவுஸ்; இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தப் பனிக்கட்டி துரைமார்களின் கிளாஸில் விழுந்தது. குடிசைக்காரனின் பானையில் விழவில்லை. அன்றைக்கு அது மரியாதைப் பொருளாக இருந்ததில் அதிசயமில்லை. கண்டம் விட்டுக் கண்டம் வந்த சரக்கு அது.

ஆனால் யந்திரம் வந்த கதை வேறு. 1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் என்ற வாலிப என்ஜினியர் இன்றைய ஏ.சி.யின் மூதாதையை வரைந்தது மனிதர்களுக்காகவே அல்ல. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சுக்கூடத்துக்காக. காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் விரிந்தது, இறங்கினால் சுருங்கியது; ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் பொருந்தி விழவில்லை. காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அறையின் ஈரத்தை அடக்கினார்கள். அந்த அச்சுக்கூடக்காரர் காகிதத்துக்கு மரியாதை செய்வதாக நினைக்கவில்லை. தொழில் நடக்க வேண்டுமென்றால் அது வேண்டும் என்று நினைத்தார். நூற்றிருபது வருஷத்துக்கு முன்பு காகிதத்துக்கு அவசியமாக இருந்த ஒன்று, இன்று ராத்திரி முழுவதும் நோயாளிகளுக்கு ஊசி போட்டுவிட்டுப் பகலில் வந்து படுக்கிற ஒரு பெண்ணுக்கு எப்படி ஐயா மரியாதையாகிவிட்டது?

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

2022 கோடையில் முதல் தடவை "குளிர் பத்தவில்லை" என்று சொன்னார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். காஸ் இல்லை என்றார். போடு என்றேன். 3,200 ரூபாய். 2023-ல் மறுபடியும் அதே புகார், அதே காஸ். 3,500. 2024-ல் காஸும் ஒரு எலெக்ட்ரானிக் போர்டும் சேர்ந்து 8,100. மூன்று வருஷத்தில் 14,800 ரூபாய். ஒவ்வொரு தடவையும், புதிது வாங்காமல் மிச்சம் பிடித்துவிட்டதாக நினைத்து அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

2025-ல் கம்ப்ரஸரே போய்விட்டது. காஸும் சேர்த்து 17,000 ஆகும் என்று சொன்னார் மெக்கானிக். வியாசர்பாடிப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். "வருஷா வருஷம் காஸ் போட்டோமேப்பா, அப்படியும் ஏன் போச்சு?" என்று கேட்டேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சார், காஸ் என்ன பெட்ரோலா, எரிஞ்சு தீர்ந்து போறதுக்கு? உள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கிற சாமான் சார் அது. பத்து வருஷம் ஆனாலும் குறையாது. குறையுதுன்னா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். காயில் அரிச்சிருக்கு, கழற்றிப் பார்த்துப் பத்தவைக்கணும்னு முதல் வருஷமே சொன்னேன். நீங்கதான் காஸ் மட்டும் போடுன்னீங்க."

சொன்னான். ஞாபகம் இருக்கிறது. ஓட்டையைத் தேட வேண்டுமென்றால் நைட்ரஜனை அழுத்தமாகச் செலுத்தி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்து, அங்கே பற்றவைத்து, பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, அதற்கப்புறம் காஸை நிறுத்துப் போட வேண்டும். அரை நாள் வேலை. அந்த அரை நாள் கூலிக்கு மனம் இல்லாமல், ஓட்டைப் பானையில் வருஷா வருஷம் தண்ணீர் ஊற்றினேன். காஸ் குறைந்த யந்திரம் மூச்சு வாங்க வாங்க ஓடி, கடைசியில் கம்ப்ரஸரையும் கெடுத்துக்கொண்டது. போன காஸாவது சும்மா போயிற்றா? பழைய யந்திரங்களில் இருக்கும் ஆர்-22 என்ற அந்த காஸ் ஆகாயத்தின் ஓசோன் படலத்தை அரிப்பது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 1,800 மடங்கு வல்லமை உள்ளது. 2025 பிறந்ததிலிருந்து நம் நாட்டில் புதிய யந்திரங்களை அதைக்கொண்டு செய்யக் கூடாது என்று ஆகிவிட்டது. மாடி அறையைக் குளிரவைப்பதாகச் சொல்லி மூன்று வருஷம் ஊரைச் சுடவைத்தேன் நான்.

பழுது பார்ப்பது என்ற பெயரில் நம்மில் பெரும்பாலோர் செய்வது பழுது பார்ப்பது அல்ல. புகாரை ஒத்திப் போடுவது. கேட்கிறவர் வாயை அடைக்கும் அளவுக்குச் செலவழிப்பது. பழுதும் அப்படியே இருக்கும், பணமும் போய்விடும்.

இதற்குள் நண்பர் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், எந்தப் பழுது யார் தலையில் என்று பிரித்துப் போட்டிருக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுதுகள், சுண்ணாம்பு, குழாய் மாற்றுவது, பெரிய ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக், மின்சார சாமான்களின் பழுது முதலியவை குடியிருப்பவர் பொறுப்பு. "பார்த்தீரா? ஏ.சி. மின்சார சாமானா, இல்லையா?" என்கிறார்.

மின்சார சாமான்தான். ஆனால் அதே சட்டம், அட்டவணைப்படியோ அல்லது இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டபடியோ என்றும் சொல்கிறது. சாதாரண தேய்மானத்தைக் குடியிருப்பவர் தலையில் கட்டாமல் விலக்கியும் வைக்கிறது. பன்னிரண்டு கோடை ஓடித் தேய்ந்த யந்திரத்தைத் தேய்மானம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அந்த நர்ஸ் 17,000 ரூபாய் போட்டுக் கம்ப்ரஸர் மாட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து காலி பண்ணும்போது அந்தக் கம்ப்ரஸரைக் கையில் தூக்கிக்கொண்டு போவாரா? அது என் சுவரில் இருக்கும். அதைக் காட்டி அடுத்தவரிடம் கூடுதல் வாடகை வாங்குவேன். வாஷர் மாற்றச் சொல்கிற சட்டத்தை வைத்துக்கொண்டு, குடித்தனக்காரரின் பணத்தில் என் சொத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் சாமர்த்தியத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கலாம். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

நண்பருக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு சட்டத்தை நான் எடுக்கிறேன். வருமான வரிச் சட்டம். வாடகை வருமானத்தில் வீட்டு வரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் 30 சதவீதத்துக்கு நாம் வரியே கட்ட வேண்டாம். ரசீது கேட்பதில்லை. ஒரு பைசா செலவு செய்யாவிட்டாலும் அந்த 30 சதவீதம் உண்டு. எதற்காக அந்தக் கழிவு? வீடு என்றால் பழுது வரும், பராமரிப்பு வரும், அதற்கு வீட்டுக்காரன் செலவழிப்பான் என்று சர்க்கார் நம்பிக் கொடுப்பது. மாதம் 21,000 வாடகையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 75,000 ரூபாய், பழுது பார்த்ததாகவே பாவித்து எனக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது. ஆடிட்டர் நண்பரே, நீங்கள் எத்தனை பேருக்கு இந்தக் கழிவை எழுதிக் கொடுத்திருப்பீர்கள்! சர்க்காரிடம் "பழுது என் செலவு" என்று சொல்லிக் கழித்துக்கொண்டு, மாடிப்படி ஏறி வந்து "பழுது உன் செலவு" என்று சொல்வதற்கு நமக்கு இரண்டு நாக்கு வேண்டும்.

மூன்றாவது கணக்கு மின்சாரக் கணக்கு. நமக்கு இது கண்ணிலேயே படாது. ஏனென்றால், யந்திரத்தை வாங்குகிறவன் நான். அது தின்கிற கரண்டுக்குப் பணம் கட்டுகிறவர் அவர். விலை குறைந்த யந்திரத்தை நான் வாங்கினால் லாபம் எனக்கு; அது கூடுதலாகத் தின்பது அவர் தலையில். கிழட்டு யந்திரத்தை நான் மாற்றாமல் வைத்திருந்தால் மிச்சம் எனக்கு; நஷ்டம் அவருக்கு. இப்படி வாங்குகிறவனும் தீனி போடுகிறவனும் வேறு வேறாக இருக்கும் வரை, தீனி அதிகம் தின்கிற மாட்டைத்தான் வாடகை வீட்டுக் கொட்டிலில் கட்டுவார்கள்.

மாடிக்குத் தனி மீட்டர். 2024 ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்கும் அவர்கள் வீட்டில் 760 யூனிட் ஓடியிருக்கிறது. புதிய யந்திரம் மாட்டியபின், 2025-ல் அதே இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். யூனிட் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது. பில்லோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. காரணம் நம் மின் கட்டணத்தின் படிக்கட்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாதவருக்குக் குறைந்த விலைப் படிகள் உண்டு. தாண்டியவருக்கு அவற்றில் சில பறிபோய், மேலே உள்ள யூனிட்டுகளுக்கு விலையும் ஏறிக்கொண்டே போகும். என் ஓட்டை யந்திரம் அந்தக் குடும்பத்தை ஒவ்வொரு கோடையிலும் 500-க்கு மேலே பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் காஸ் போட்டு மிச்சம் பிடித்தேன் என்றேனே, அந்த மிச்சம் வந்தது அவருடைய சம்பளக் கவரிலிருந்து.

நண்பரிடம் கடைசியாக ஓர் ஆயுதம் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் அனைவரிடமும் இருக்கிறது. "எங்கள் காலத்தில் ஏ.சி.யா இருந்தது? நாங்கள் தூங்கவில்லையா?"

இதை நானும் சொன்னேன். 2025 மே மாதம், புழுக்கத்தில் முகம் வீங்கி மாடிப்படியில் இறங்கி வந்து நின்ற அந்த அம்மாளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். சொன்ன மாத்திரத்திலே எனக்கு வேறொருவருடைய குரல் கேட்டது. வாலிபத்தில் நான் திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோர் வீட்டில் குடியிருந்தேன். எட்டுக் குடித்தனம், ஒரு கிணறு, ஒரு பம்ப். பம்ப் கெட்டுவிட்டால் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் பார்க்கமாட்டார். போய்க் கேட்டால் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "எங்கள் காலத்தில் பம்பா இருந்தது? சேந்திக் குளித்தால் உடம்புக்கு நல்லது" என்பார். பிள்ளைத்தாய்ச்சியான என் மனைவி அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தினாள். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் ஒரு கதைகூட எழுதினேன். இப்போது அவருடைய வாக்கியம், ஓர் எழுத்துக்கூட மாறாமல், என் வாயிலிருந்து வருகிறது!

எங்கள் காலத்தில் ஏ.சி. இல்லை, வாஸ்தவம். எங்கள் காலத்தில் இதே மனையில் என் தகப்பனாரின் வீடு இருந்தது. நடுவே முற்றம், சுற்றித் தாழ்வாரம், உயரமான கூரை, மெட்ராஸ் டெரஸ், எதிரெதிர் ஜன்னல், கொல்லையில் ஒரு வேம்பு. 1997-ல் அதை இடித்தவன் நான். முற்றத்தை அறையாக்கி, வேம்பை வெட்டி, அடுத்த வீட்டுச் சுவருக்கு மூன்றடியில் என் சுவரை எழுப்பி, மேலே சமதளமாகக் காங்கிரீட் போட்டேன். அந்தக் காங்கிரீட் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுவதும் கீழே படுத்திருப்பவர்மேல் துப்பிக்கொண்டிருக்கும். காற்றை நான் எடுத்துக்கொண்டேன். அதன் இடத்தில் ஒரு யந்திரத்தைக் கொடுத்தேன். அதற்கு மாதம் 1,500 வாங்கினேன். இப்போது யந்திரமும் இல்லை என்றால், எங்கள் காலம் என்று பேச எனக்கு வாய் ஏது?

அந்த அம்மாள் என் சிரிப்புக்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இந்த மாதம் பூரா நைட் டியூட்டி சார். பகல்ல படுத்தா ரூம் அடுப்பு மாதிரி இருக்கு. பத்து நாளா சரியான தூக்கம் இல்லை. நேத்து ஒரு பேஷண்டோட சீட்டை ரெண்டு தடவை படிச்சும் மருந்தோட அளவு மனசுல நிக்கலை. மூணாவது தடவைதான் சரியாப் பட்டது. பயமா இருக்கு சார்."

எனக்கு வேறு கணக்கு வேண்டியிருக்கவில்லை. என் மாடி அறையின் சூடு என் மாடி அறையோடு நிற்கவில்லை. ஊரில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கும், பெயர் தெரியாத யாரோ ஒருவருடைய உடம்பு வரை போய்விட்டது.

சரி, எதைப் பழுது பார்ப்பது, எதை மாற்றுவது? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பிரசங்கம் பண்ணிவிட்டுப் போகிறவன் அல்ல நான். அந்த வியாசர்பாடிப் பையனிடம் கற்றுக்கொண்டதையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் மாற்று என்று கடைக்காரர் சொல்வார், நம்ப வேண்டாம். யந்திரம் நின்றவுடனே "கம்ப்ரஸர் அவுட்" என்று கை விரிக்கிற மெக்கானிக்குகளும் உண்டு. பல சமயம் போயிருப்பது சில நூறு ரூபாய் கெபாசிட்டராக இருக்கும். கெபாசிட்டர், விசிறி மோட்டார், தண்ணீர் ஒழுகும் குழாய், எலிக் கடித்த ஒயர் இவையெல்லாம் பழுது பார்க்க வேண்டியவை. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட யந்திரத்தில் ஓர் ஓட்டை என்றால் அதைத் தேடி அடைத்துத்தான் காஸ் போட வேண்டும். ஆனால் பத்து வருஷத்தைத் தாண்டிய யந்திரம், பழைய காஸ், இரண்டாவது ஓட்டை அல்லது கம்ப்ரஸர் என்று வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். பழுதுச் செலவு புதிய விலையில் பாதியை நெருங்கினாலும் அப்படியே. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று காயிலை அரிப்பதால் அங்கே இந்தக் காலம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். கணக்குப் போடும்போது உங்கள் பையை மட்டும் பார்க்காதீர்கள். குடியிருப்பவரின் மின்சார பில்லையும் சேர்த்துப் பாருங்கள். நட்சத்திரச் சீட்டைப் பார்க்கும்போது வருஷத்தையும் பாருங்கள். நட்சத்திரத்துக்கான அளவுகோலை அவ்வப்போது உயர்த்திக்கொண்டே வருகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரம் அல்ல.

மாட்டுவதற்கு முன் மொட்டை மாடிக்கு ஒரு தடவை ஏறிப் பாருங்கள். வெள்ளை அடித்தால், அல்லது வெள்ளைத் தட்டோடு பதித்தால், எந்த யந்திரத்துக்கும் பாதி வேலை குறையும் என்று சொல்லமாட்டேன். நிச்சயமாகச் சுமை குறையும். கழற்றிய பழைய யந்திரத்தைக் காயலான் கடைக்காரர் குழாயை வெட்டிக் காஸைக் காற்றில் விட்டுவிட்டுத் தூக்கிப் போகாதபடி, காஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இறக்கிப் பூட்டச் சொல்லிக் கொடுங்கள். அதைப் பின்கட்டில் குறைந்த வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடித்தனத்துக்கு மாட்டிவிட்டுத் தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

குடித்தனக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவுவது உங்கள் வேலை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு 18 டிகிரியில் ஓடவிட்டுக் கம்பளியைப் போர்த்துக்கொண்டால், எந்த யந்திரமும் தாங்காது. எந்த வீட்டுக்காரனுக்கும் எரிச்சல் வரும். ஆனால் இதைக் காரணம் காட்டிப் பழுதைத் தட்டிக்கழிக்க வீட்டுக்காரர்களுக்கு நான் இடம் கொடுக்கமாட்டேன்.

நான் மூன்றாம் நாள் புதிய யந்திரம் வாங்கி மாட்டினேன். கூலியோடு 41,000. செப்டம்பரில் நண்பர் டெலிபோன் செய்தார். 22-ஆம் தேதியிலிருந்து ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டதாம். "நான் அப்போதே இழுத்தடியும் என்றேனே, கேட்டீரா? நாலு மாதம் காத்திருந்தால் எவ்வளவு லாபம்!" என்றார். காத்திருந்தால் லாபந்தான். யார் காத்திருப்பது என்பதைத்தான் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மாட்டி முடித்த அன்று சாயங்காலம் அந்த அம்மாள் கீழே வந்து, நன்றி சொல்வதற்கு முன்னால், "வாடகை ஏத்துவீங்களா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மூன்று வருஷமாகக் குளிர் பத்தாமலே, பில்லையும் கட்டிக்கொண்டு அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று விளங்கியது. வாயைத் திறந்தால் வாடகை ஏறும், அல்லது வீடு பறிபோகும் என்ற பயம். நாம் மரியாதை என்று சொல்லிக்கொண்டிருப்பது இந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது, நண்பரே.

ஏற்றவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து எழுதினேன். "படுக்கை அறை ஏ.சி. வீட்டுக்காரருடையது, அதன் பழுதும் மாற்றமும் அவர் பொறுப்பு, சொன்ன ஏழு நாளுக்குள் செய்யாவிட்டால் மாதம் 1,500 ரூபாய் வீதம் வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஃபில்டர் கழுவுவது குடியிருப்பவர் பொறுப்பு." முத்திரைத்தாளில் மூன்றே வரி இடம்தான் பிடித்தது. உங்கள் மூன்று வீட்டு ஒப்பந்தத்திலும் அதற்கு இடம் இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.